பாவித்த கன்டர் லொறி: எஞ்சினுக்கு முன் செஸியைப் பாருங்கள்

கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து இரும்புக் கம்பியும் சீமெந்தும் ஏற்றுவதற்காக, 4டி33 எஞ்சின் பூட்டிய 14½ அடி மிட்சுபிஷி கன்டர் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கி, இரண்டு வருடங்களாக ஓட்டிவருகிறேன். 4,214 சிசி கொண்ட இந்த எஞ்சினின் டீசல் பம்ப் கணினியின் தயவில்லாமல் இயங்குவதால், அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். பஞ்சிகாவத்தையில் ஒரு மணித்தியாலம் சுற்றினால் உதிரிப்பாகமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். இழுவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும், தேய்ந்த எஞ்சினைச் செலவழித்துப் புதுப்பிக்கலாம், வெடித்த செஸியை, அதாவது பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டத்தை, எத்தனை முறை ஒட்டினாலும் நம்பிப் பாரம் ஏற்ற முடியாது என்பதால், வாங்க நினைப்பவர்களுக்குச் செஸியைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

இதற்கு முன் நான் முற்பணம் கொடுக்கவிருந்த வேறொரு லொறியின் செஸி, புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடிக்கப்பட்டுப் பளபளத்தது. கூட வந்த மெக்கானிக் பாஸ், பின்பக்க வில்லுத் தகட்டின் தாங்கிக்கு அருகே ஸ்குரூட்ரைவரால் சுரண்டியபோது, பெயின்ட் தோல்போல உரிந்து, விரல் நீளத்துக்கு வெல்டிங் தழும்பும் அதன் ஓரத்தில் துருவும் தெரிந்தன. அது பல வருடம் மீன் ஏற்றிய லொறி என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் செஸியின் உட்புறத்தில் தங்கி அரித்துவிடும். ஆகவே பேலியகொடை மீன் சந்தைக்கு ஓடிய லொறியையும் தம்புள்ளை மரக்கறிக்கு ஓடிய லொறியையும் ஒரே விலையில் வைத்துப் பார்க்கக் கூடாது.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போவதே நல்லது. ஓடும் எஞ்சினின் ஒயில் மூடியைத் திறந்ததும் புகை வேகமாகப் பீறிட்டால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும். டயரின் பக்கத்தில் 3218 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது; பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, நாட்டிலிருந்த லொறிகளே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் பத்திரங்களில் அவசரம் வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருக்கிறதா என்பதையும், எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்து, நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்திய பின்னரே பணம் கொடுங்கள். வாங்குபவரின் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த திறந்த பத்திரத்தோடு விற்பவரிடம் நான் பேச்சையே தொடர மாட்டேன்.

நான் வாங்கிய லொறியின் செஸி இலக்கம் மண்ணும் கிரீசும் படிந்து மறைந்திருந்தது. அதைத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்றதும், விற்றவர் தாமே வாளியில் தண்ணீரும் வயர் பிரஷ்ஷும் கொண்டுவந்து வைத்தார். அன்றே விலை பேசி முடித்தேன்.