சாவி தொலைந்த கார், ஜி.பி. ரோட்டு சாவிக்காரர், 7,500 ரூபாய்

சென்னையில் கார் சாவியைத் தொலைத்துவிட்டு, கையில் ஸ்பேர் சாவியும் இல்லாமல் நிற்கிறீர்களா? வண்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன்னால் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் இருக்கும் கார் சாவிக்காரர்களில் ஒருவருக்கு போன் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு வந்து செய்துகொடுத்தவருக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைந்தது அவர் போட்ட ரிமோட்டுக்காக, அவர் வேலைக்காக இல்லை.

வண்டி 2016 மாடல் ஹாட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஸ்டார்ட் பட்டன் கிடையாது, மடக்குச் சாவிதான், அதிலேயே லாக், அன்லாக், டிக்கி என்று மூன்று பட்டன். வாங்கும்போதே ஒரு சாவிதான் தந்தார்கள், இன்னொன்று எங்கே என்றால் முதல் ஓனர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் சார், கேட்டு வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னார், அவ்வளவுதான், அப்புறம் அவர் போனையே எடுக்கவில்லை. அந்த ஒற்றைச் சாவியை பெசன்ட் நகர் பீச்சில் அலையில் நின்றுகொண்டிருந்த என் மச்சான் ஷார்ட்ஸ் பாக்கெட்டிலிருந்து கடலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டார். வண்டி பீச்சுக்குப் பக்கத்துத் தெருவில். ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கிறது, அதனால் கட்டி இழுக்கவும் முடியாது.

சர்வீஸ் சென்டரில் கேட்டோம். எந்தக் கம்பெனி என்று இங்கே வேண்டாம், விசாரித்த வரையில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே பாட்டுதான். ஒரு சாவியாவது கையில் இருந்தால் இன்னொன்று ஆர்டர் போடலாம், இரண்டுமே இல்லை என்றால் லாக் செட்டை மொத்தமாக மாற்ற வேண்டும், அதாவது கதவு லாக், டிக்கி லாக், இக்னிஷன் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி, அது வர இரண்டு வாரம் ஆகலாம், ஈசியூவையும், அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரையும், பார்க்க வேண்டியிருக்கும், அது பார்த்த பிறகுதான் தெரியும். உத்தேசமாக 22,000 ரூபாய். வண்டியை பிளாட்பெட்டில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு தனி. ஆர்.சி. காப்பி, ஆதார் காப்பி, அதோடு போலீஸில் புகார் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதும் வேண்டும் என்றார்கள். காகிதம் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை, கேட்கத்தான் வேண்டும். பார்த்த பிறகுதான் தெரியும் என்ற அந்த ஒரு வரிதான் வயிற்றைக் கலக்கியது.

அப்புறம் வெளியே விசாரித்தேன். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே 2,500-க்கு முடித்துத் தருகிறேன், ஆர்.சி. எல்லாம் எதற்கு என்றார். எப்படி என்று நோண்டிக் கேட்டால், சாவிக்குள் இருக்க வேண்டிய அடையாளச் சிப்பை ஸ்டியரிங் கவருக்குள்ளேயே ஒட்டிவிடுவாராம், அதன் பிறகு எந்தச் சாதாச் சாவி போட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுமாம். இதற்குப் பெயர் பைபாஸ். வீட்டுப் பூட்டைத் திறந்தே வைத்துவிட்டு கதவை மட்டும் சாத்திக்கொள்கிற மாதிரி. தயவுசெய்து இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கடைசியில் பிடித்த பாய் அப்படி இல்லை. போனில் அவர் முதலில் விலை பேசவே இல்லை, கேட்டது இதெல்லாம்தான்: மாடல் வருஷம் என்ன, பட்டன் ஸ்டார்ட்டா சாவி ஸ்டார்ட்டா, சேசிஸ் நம்பர் அனுப்புங்க சார், ஆர்.சி. உங்க பேர்லதானே. ஆர்.சி.யும் ஐ.டி.யும் கையில் இருந்தால்தான் வண்டியைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார், வந்ததும் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு சாவிக்காரர் நல்லவரா இல்லையா என்பதை இந்த ஒரு விஷயத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கேட்காதவர் நாளைக்கு உங்கள் வண்டிக்கும் யாருக்கோ சாவி போட்டுக் கொடுப்பார். 9,000 கேட்டார், பேசி 7,500-க்கு வந்தார். அதில் ரிமோட்டோடு ஒரு மடக்குச் சாவி, ரிமோட் இல்லாமல் சிப் மட்டும் வைத்த ஒரு சாதாச் சாவி, ஜி.பி. ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து செய்துதரும் கூலி, எல்லாம் அடக்கம்.

வேலையை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவின் சாவித் துவாரம் ரிமோட் வந்த பிறகு யாரும் தொடாதது, போதாததற்குக் கடற்காற்று வேறு, உள்ளே உப்பும் துருவும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. டபிள்யூடி-40 அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, லிஷி என்று அவர்கள் சொல்கிற கருவியை உள்ளே விட்டார். மேலே கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தகடு, அதில் மெல்லிய முள். லாக்கினுள் இருக்கும் ஒவ்வொரு தகட்டையும் முள்ளால் தொட்டு, அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அந்தக் கோட்டில் படித்து, ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எண்களாக எழுதிக்கொண்டே வந்தார். மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, நான்கு என்று. அந்த வரிசைதான் சாவியின் வெட்டு. லாக்கைக் கழற்றவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை, கம்பி விட்டுக் கதவை நெம்பவில்லை. கதவு திறந்ததும் அலாரம் அரை நிமிடம் அலறியது, பஜ்ஜிக் கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் வந்து யார் வண்டி இது என்றே கேட்டுவிட்டார். ஆர்.சி.யைக் காட்டினோம். கேட்டதற்கு அவருக்கு ஒரு நன்றி.

ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்த பேட்டரி மெஷினில் அந்த எண்களைப் போட்டு சாவியை வெட்டினார். இது பழைய பல்லுப் பல்லான சாவி இல்லை, தட்டையான தகட்டின் நடுவே வளைந்து வளைந்து ஓடும் பள்ளம், லேசர் கட் என்பார்கள். இக்னிஷனில் போட்டால் திரும்பியது, ஸ்டியரிங் விடுபட்டது, ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் எடுத்த எடுப்பில் அணைந்தது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் மினுக் மினுக்.

இங்கேதான் பலருக்கும் குழப்பம். மடக்குச் சாவியின் உள்ளே இரண்டு சமாச்சாரம் தனித்தனியாக இருக்கிறது. ஒன்று ரிமோட். பட்டனை அமுக்கினால் 433 மெகாஹெர்ட்ஸில் கதவுக்குச் சொல்லும், அதற்கு பேட்டரி வேண்டும். இன்னொன்று அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப், அதற்கு பேட்டரியே கிடையாது. சாவியை இக்னிஷனில் நுழைத்ததும் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அதற்கு மின்சாரம் ஊட்டி நீ யார் என்று கேட்கும், அது சொல்லும் பதில் சரியாக இருந்தால்தான் ஈசியூ பெட்ரோலை விடும். இம்மொபிலைசர் என்பது இதுதான், ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே ரிமோட் வேலை செய்யவில்லை ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் புரோகிராமிங், கோடிங் என்று யார் சொன்னாலும் நம்பாமல் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 இருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த நம்பர், ஐம்பது அறுபது ரூபாய்க்குத் தெருமுனை வாட்ச் கடையில் கிடைக்கும். அதே போல சாவியின் பிளாஸ்டிக் உடைந்துவிட்டது என்று ஆன்லைனில் வெறும் கூடு வாங்கி மாற்றுகிறவர்கள், பழைய கூட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்புத் துணுக்கைப் பத்திரமாக எடுத்துப் புதுக் கூட்டில் வையுங்கள். அதைக் கூட்டோடு குப்பையில் போட்டுவிட்டு, கதவு திறக்குது பாய், வண்டி மட்டும் எடுக்கலை என்று வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள் என்றார் பாய்.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு டேப்லெட்டை மாட்டினார். லைட், ஏசி, மியூசிக் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார், நடுவில் பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினால் ஈசியூ சிக்கிக்கொள்ளும் என்று. டேப்லெட் வண்டியிலிருந்து ரகசிய பின் (PIN) நம்பரை எடுத்து முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பி, பாருங்க சார் என்றார். இந்த வண்டியில் பதிவாகியிருந்த சாவிகள்: 3.

கடலில் ஒன்று. முதல் ஓனரிடம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது யாரிடம் இருக்கிறது? இவ்வளவு நாளும் ராத்திரி தெருவில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். புதுச் சாவி போடுவது கொஞ்சம் பழகிய யாராலும் முடிகிற வேலை, பழைய சாவிகளைச் செல்லாமல் ஆக்கினாரா என்பதுதான் கேள்வி. சில வண்டிகளில் புதுச் சாவியைப் பதியும்போதே பழையவை எல்லாம் தானாக அழிந்துவிடும், சிலவற்றில் தனியாக அழித்தால்தான் உண்டு, அழிக்காமலே ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டு காசு வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பாய் மூன்றையும் அழித்தார், எங்கள் இரண்டையும் பதிந்தார், திரும்பவும் திரையைக் காட்டினார். பதிவான சாவிகள்: 2. நீங்கள் யாரிடம் செய்தாலும் இந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், முடிந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்கள் சாவி தொலையும் வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் அவரே சொன்னார். சிப்பைத்தான் அழிக்க முடியும், இரும்பை அழிக்க முடியாது. பழைய சாவி யார் கையில் இருந்தாலும் கதவு திறக்கும், வண்டி மட்டும் கிளம்பாது. அதுவும் வேண்டாம் என்றால் லாக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் தகடுகளை வரிசை மாற்றிப் போட்டு, அதற்கேற்ற சாவி வெட்டலாம், 2,000 கூடுதல். என் வண்டிக்குள் ஒரு குடையும் டோல் ரசீதுகளும்தான் கிடக்கின்றன என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். லேப்டாப், நகை என்று வண்டியில் வைக்கிற பழக்கம் இருப்பவர்கள் செய்துகொள்ளலாம்.

இனி குறைகள். ரிமோட் கம்பெனிச் சரக்கு இல்லை, வெளியில் கிடைக்கும் பொது ரிமோட்டில் நம் வண்டிக்கான சாஃப்ட்வேரை ஏற்றித் தருவது. வேலை செய்கிறது, ஆனால் பழையது தெருவின் அந்தக் கோடியிலிருந்தே வண்டியைத் திறக்கும், இது பக்கத்தில் வந்தால்தான் கேட்கிறது. பட்டன் ரப்பர் வழவழவென்று, அமுக்கினோமா இல்லையா என்றே தெரியாத ரகம். மடக்கு ஸ்பிரிங் சீக்கிரமே தளர்ந்துவிட்டது, சாவி பாக்கெட்டுக்குள் தானாக விரிந்து தொடையைக் குத்தும். கடைக்குப் போய்ச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கூட்டை மாற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. பில் என்று ஒன்று கிடையாது, விசிட்டிங் கார்டின் பின்னால் ஆறு மாத வாரன்டி என்று கையால் எழுதிக் கையெழுத்து போட்டார். கேட்டால் ஒரிஜினல் ரிமோட்டும் வரவழைத்துப் போடுகிறார்கள், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும்.

பில் இல்லாதது சிலருக்குப் பெரிய விஷயம்தான். பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது கூடவே கீ ரிப்ளேஸ்மென்ட் என்று ஒரு ஆட்-ஆன் விற்கிறார்களே, அது உங்கள் பாலிசியில் இருந்தால் சாவிச் செலவை கிளெய்ம் செய்யலாம், ஆனால் அதற்கு முறையான பில்லும் போலீஸ் ரசீதும் கேட்பார்கள். அப்படிப்பட்டவர்கள் சர்வீஸ் சென்டருக்கே போவதுதான் லாபம். ஆட்-ஆன் இல்லாவிட்டாலும் சி.எஸ்.ஆர். போட்டுவையுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயிலும் தட்டிவிடுங்கள். வண்டி திருடு போனால் கிளெய்மின்போது இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒன்றுதான் இருக்கிறது என்று அன்றைக்குப் போய் நின்றால் எங்கே தொலைத்தீர்கள், எப்போது தொலைத்தீர்கள், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று குடைவார்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. ஸ்மார்ட் கீயில் வண்டி அனுப்பும் சிக்னலைக் கேட்கவும் பதில் சொல்லவும் உள்ளே நிறைய வேலை இருக்கிறது, சாவியின் விலையே பல ஆயிரம். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் ஸ்மார்ட் கீ மலிவாகக் கிடைக்கிறதே, அதை நம் வண்டிக்குப் பதிந்துகொள்ளலாம் என்று போகாதீர்கள். பல கம்பெனிகளின் சாவி ஒரு தடவை ஒரு வண்டியோடு சேர்ந்துவிட்டால் அதோடு பூட்டிக்கொள்ளும், இன்னொரு வண்டிக்குப் பதியாது. பேட்டரி தீர்ந்துதான் கேட்கவில்லை என்றால் சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் குட்டிச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, அந்த ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அமுக்கிப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகள் எடுத்துவிடும். புது மாடல் ஸ்மார்ட் கீ எல்லாமே தொலைந்த கேஸ் என்றால் பாயே கையை விரித்துவிடுகிறார்: என் டேப்லெட்ல வராது சார், கம்பெனிக்கே போயிடுங்க.