அட்டையைத் தட்டினால் லொகின் என்று விற்க வருகிறவர்களிடம் கவனம்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் தனியார் வைத்தியசாலை, லாப் நடத்துகிறவர்கள் பணம் கட்டும் முன் இதை வாசியுங்கள்.

எங்கள் வாட்டில் ஒரே கணினியை மூன்று ஷிப்டிலும் ஆள் மாறி ஆள் பாவிக்கிறார்கள். அவசரத்தில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைத்தான் அடித்தார்கள். அதைத் தீர்க்க, 'சிங்கிள் சைன் ஒன்' (ஒரு தடவை லொகின் பண்ணினால் எல்லா மென்பொருளும் திறக்கும்) என்று சொல்லி வந்த நிறுவனம் ஒன்றிடம், அட்டையை வாசிக்கும் ரீடர்களும் அட்டைகளும் வாங்கினோம். முழுப் பணத்தையும் முன்பே கட்டியது பெரிய பிழை.

மூன்றாம் வாரம், காலை எட்டு மணிக்கு ஏற்றிய இன்சுலின் அளவு இரவு வேலை பார்த்த நேர்ஸ் தங்கச்சியின் பெயரில் பதிவாகி இருந்தது. டொக்டர் கூப்பிட்டு விசாரித்தார். "அண்ணா, நான் ஏழரைக்கே கல்லடிப் பாலம் தாண்டிட்டன்" என்று அழுதுகொண்டு வந்தா.

அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். குறிப்பு எழுதும் பெட்டியின் அடியில், 000 என்று தொடங்கும் பத்து இலக்கங்கள். பகல் நேர்ஸின் அட்டையைத் திருப்பினால் அதே இலக்கம் பின்னால் அச்சடித்திருக்கிறது.

அப்போதுதான் விளங்கியது. அந்த ரீடர் செய்வது கீபோர்ட் வேலை மட்டும். அட்டையின் இலக்கத்தை, கேர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே தட்டிவிடும். பகல் நேர்ஸ் தட்டினா, பீப் கேட்டது, தன் பெயரில் திறந்துவிட்டது என்று நம்பி எழுதினா. இரவுத் தங்கச்சியின் லொகின் மூடப்படவே இல்லை. இன்னும் மோசம், அந்த இலக்கத்தை லொகின் பெட்டியில் கையால் அடித்தாலும் திறக்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டையிலேயே பாஸ்வேர்ட்!

கொடுத்தவை 125 கிலோஹேர்ட்ஸ் அட்டைகள். எந்தக் குறியாக்கமும் இல்லாமல் ஒரே இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மலிவான கருவியில் நகல் எடுக்கலாம். நிறுவனத்துக்கு எடுத்தால், "மென்பொருளை அப்கிரேட் பண்ண வேணும், அதுக்குத் தனியாகக் காசு" என்றார்கள். பிறகு போனை எடுக்கவே இல்லை.

செய்து காட்ட வருகிறவரிடம் கணினியில் நோட்பேடைத் திறந்து வைத்து அட்டையைத் தட்டச் சொல்லுங்கள். இலக்கம் வந்து விழுந்தால் அனுப்பிவிடுங்கள். அப்புறம், ஒருவரின் லொகின் திறந்திருக்கும்போது இன்னொருவர் தட்டட்டும். முதல் ஆள் வெளியேற வேண்டும். 13.56 மெகாஹேர்ட்ஸ் அட்டை என்றாலும் மைஃபேர் கிளாசிக் வகை வேண்டாம், அதன் பாதுகாப்பு 2008 இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டெஸ்ஃபயர் ஈவி2 அல்லது ஈவி3 வகை அட்டை கேளுங்கள். ஷிப்டில் முதல் தடவை தட்டும்போது இரகசிய இலக்கமும் (PIN) கேட்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது: இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நோயாளியின் சுகாதாரத் தகவல், கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் விசேட வகையில் வருகிறது.

ரீடர்களை எல்லாம் கழற்றிவிட்டோம். தங்கச்சியின் பெயரிலிருந்த பதிவை டொக்டர் தன் கையெழுத்தோடு திருத்திக் கொடுத்தார்.