‘கம்பெனி காலத்து பிஸ்டல்’ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் இருந்துகொண்டு பழைய ராணுவ கேப் பிஸ்டல்கள் (சுத்தியல் அடித்ததும் வெடிக்கிற ‘கேப்’ என்ற சின்ன உலோக மூடியால் மருந்தைப் பற்றவைப்பவை) சேர்க்கிற நம்மாட்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஆன்லைனில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் "கிழக்கிந்தியக் கம்பெனி குதிரைப்படை பிஸ்டல், அசல்" என்று 650 பவுண்டுக்கு வாங்கினேன். வந்தது அண்மையில் செய்த போலி.

பார்த்தால் நம்பத்தான் தோன்றும். மருந்து கெட்டிக்கும் கம்பி கழன்று விழாதபடி குழலோடு கோத்திருக்கிறது, பித்தளைப் பூண், பக்கத் தகட்டில் மகுடம் ஏந்திய சிங்கம். தகட்டில் அப்பியிருந்த கிரீஸைத் துடைத்ததும் சிங்கத்துக்குப் பின்னால் 1862 என்று ஆண்டு தெரிந்தது. கம்பெனியின் ஆட்சியும் படையும் 1858லேயே ராணி கைக்குப் போய்விட்டதே ஐயா!

அடுத்தது துரு. அந்தக் கால கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் மிஞ்சுகிற உப்பு இரும்பை அரிக்கும். அதனால் நிஜமாகவே சுட்ட பிஸ்டலில் கேப் மாட்டும் நிப்பிளைச் சுற்றித்தான் அரிப்பு அதிகம். இதிலோ அம்மை வடு விழுந்த முகம்போல எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குழி. ஆசிட் வேலை. தகட்டைக் கழற்றினால் உட்பாகங்களில் வார்ப்புத் தடம் அப்படியே இருக்கிறது. அசலில் அவை அடித்துச் செய்த இரும்பு.

பணத்தைவிடப் பெரிய தலைவலி சட்டம். 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 58(2) பிரிவு, அலங்காரமாகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் உண்மையான பழம்பொருளுக்குத்தான் விலக்குத் தருகிறது. சுடக்கூடிய நகலைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். இதில் நிப்பிள் துளை குழல்வரை போகிறது, அதாவது சுட முடியும்! போலீசில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். வியாபாரியோ "பொருளை அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்" என்று ஒரே பாட்டு. அதைப் பார்சலில் போட்டிருந்தால் மாட்டுவது யார்?

நல்லவேளை, கிரெடிட் கார்டில் கட்டினேன். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு வங்கியையும் பொறுப்பாக்குகிறது. ரசீதோடு மனு போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. கணக்குக்கு நேரடியாகப் பணம் போட்டால் தள்ளுபடி என்று வியாபாரி முதலில் ஆசை காட்டினார். யார் அப்படிக் கேட்டாலும் ஒதுங்கிவிடுங்கள். தகட்டின் உட்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். "கழற்றினால் மதிப்புக் குறையும்" என்று கதை விடுவார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னார்.