புது டூரிங் சைக்கிள்: முதல் ஓட்டம் வெறுமனேயா, சுமையோடா?

அளவு கொடுத்துச் செய்த டூரிங் சைக்கிள் (சாமான்களோடு நெடுந்தூரம் போவதற்கான சைக்கிள்) கைக்கு வந்ததும் பலரும் பைகளை மாட்டாமல்தான் கிளம்புவார்கள். அதுவும் தேவைதான். சீட் உயரம், ஹேண்டில்பார் எட்டும் தூரம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கியர் தடுமாறினால் கேபிள் அட்ஜஸ்டரை (கியர் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும் சிறு திருகு) அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள்.

ஆனால் என் ஓட்டு சுமைக்குத்தான். இந்த வண்டி கட்டப்பட்டதே அதற்காக. காலியாக ஓட்டினால் கொஞ்சம் விறைப்பாக, மந்தமாகத்தான் இருக்கும். 15 கிலோ ஏற்றுங்கள். செயின்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் ஃபிரேம் குழாய்) ஏன் 450 மி.மீ. அளவுக்கு நீளம் என்பது அப்போதுதான் புரியும்: மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்காது. இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்குகிறதா? சுமையில் கொஞ்சத்தை முன்சக்கரத்தின் பக்கம், தாழ்வாக மாற்றுங்கள். அப்புறம், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். அதை ஆளில்லாத சாலையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.