வீட்டில் பீர் தயாரிக்கச் சாமான் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அரை மாதச் சம்பளம் போச்சு. கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பீர் தயாரிப்புச் சாமான்களை மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடையில் ‘புதியவர்களுக்கான முழு செட்’ என்று ஒன்றை வாங்கி வசமாக மாட்டிக்கொண்டேன். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ‘சட்டப்படி நடவடிக்கை’ என்று முன்கூட்டியே மிரட்டிவிட்டார்கள். எப்படிப்பட்ட கடை என்று சொல்கிறேன், அந்த வகைக் கடையைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். சாமான் வாங்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

செட்டில் இருப்பதாகச் சொன்னவை இவை: 30 லிட்டர் பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கும் பாத்திரம்), ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு), கீழே குழாய், 304 கிரேடு எவர்சில்வரில் (எளிதில் துருப்பிடிக்காத, காந்தம் அவ்வளவாக ஒட்டாத ரகம்) பெரிய கொதிபானை, ஹைட்ரோமீட்டர் (தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தி காட்டும் கருவி), தெர்மாமீட்டர், பாட்டிலுக்கு மூடி போடும் கருவி, ஒரு டின் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த இனிப்புச் சாறு), ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் (நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்). பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவைக்கு 23 லிட்டர் போடுவதுதான் வழக்கம், நொதிக்கும்போது நுரை பொங்கும் என்பதால் அதற்கு 30 லிட்டர் ஃபெர்மென்டர் வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆள்தான் பட்டியல் போட்டிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் நான் பணம் அனுப்பியது பட்டியலைப் பார்த்து அல்ல. அந்தக் கடையின் சாட்டில் பேசிய ஆளை நம்பித்தான்.

எடுத்த எடுப்பிலேயே அவன் விலையைப் பற்றிப் பேசவில்லை. “ப்ரோ, வீட்டில் 18-லிருந்து 22 டிகிரிக்குள் நிற்கிற மாதிரி ஒரு மூலை இருக்கிறதா? அது இல்லையென்றால் முதலில் அதற்கு வழி பாருங்கள், சாமான் அப்புறம் வாங்கலாம்” என்றான். ஏல் என்ற பீர் வகைக்கு அதுதான் தோதான வெப்பநிலை, நானும் படித்திருந்தேன். வோர்ட்டை, அதாவது நொதிக்கும் முன் காய்ச்சிய மால்ட் கரைசலை, குளிர வைக்கும் செம்புச் சுருள் வேண்டுமா என்று நானே கேட்டேன். “இப்போதைக்கு வீண் செலவு ப்ரோ, பானையை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வையுங்கள், ஆறிவிடும்” என்றான். பெரிய கண்ணாடிக் குடுவையில் நொதிக்க வைக்கலாமா என்று கேட்டதற்கு, “வேண்டவே வேண்டாம், ஈரக் கையில் வழுக்கி உடைந்தால் கை கிழியும்” என்றான். எல்லாமே சரியான பதில். தன் கடையில் இருக்கும் பொருளையே வாங்காதே என்று சொல்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? கூடவே, தான் தயாரித்தது என்று ஒரு கிளாஸ் பீரின் படத்தையும் அனுப்பினான். அதற்குப் பிறகுதான், நான் கார்டு எடுக்கப் போகும் நேரம் பார்த்து, “கார்டு வேண்டாம் ப்ரோ, கமிஷன் போய்விடும். நேராக அக்கவுன்ட்டுக்குப் போடுங்கள், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன், ஒரு பாக்கெட் ஹாப்ஸும் இலவசம்” என்றான்.

போட்டேன். அரை மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

பெட்டி வந்தது. ஃபெர்மென்டரின் மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை. உள்சுவரில், நுரை ஏறி நிற்கும் உயரத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கீறல், யாரோ கம்பி நாரால் தேய்த்திருக்கிறார்கள். குழாயைக் கழற்றினேன். திருகு மரைக்குள் பச்சைக் கசடு, ஹாப்ஸ். ‘புத்தம் புதியது’ என்று விற்ற பொருளில் யாரோ ஏற்கெனவே பீர் போட்டிருக்கிறார்கள், அதுவும் கெட்டுப்போன பீர். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி தங்கிவிடும், கிருமிநாசினி அங்கே சரியாகப் போய்ச் சேராது. கழுவிப் பயன்படுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொள்ளளவாவது சரியா என்று லிட்டர் லிட்டராக ஊற்றிப் பார்த்தேன், 25 லிட்டருக்கே விளிம்பைத் தொட்டுவிட்டது.

304 பானையில் காந்தத்தை வைத்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. 304-இல் வளைத்த இடத்தில், விளிம்பில் லேசான ஈர்ப்பு இருக்கலாம், அது எனக்கும் தெரியும். இது தட்டையான அடிப்பாகத்திலேயே விடாமல் பிடித்து நிற்கிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தேன், காலையில் குழாய்க்குத் துளை போட்ட இடத்தைச் சுற்றித் துரு.

ஹைட்ரோமீட்டர் தனிக் கதை. 20 டிகிரி வெறும் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும். 1.012 காட்டியது. எப்போதும் அதே அளவு தப்பினால்கூடக் கழித்துக்கொண்டு சமாளிக்கலாம். இதில் விரலால் சுண்டினால் கண்ணாடிக்குள் இருக்கும் அளவுத் தாளே நழுவுகிறது! இந்தக் கருவி ஏதோ அலங்காரச் சாமான் இல்லை. நொதித்தல் முடிந்ததா என்று இதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். முடியுமுன்னே பாட்டிலில் அடைத்தால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து, அழுத்தம் ஏறி, பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு யார் கண்ணில் பாய்ந்தால் இவனுக்கு என்ன?

ஈஸ்ட் பாக்கெட்டில் தேதிக்கு மேல் ஒரு ஸ்டிக்கர். உரித்தேன். அடியில் இருந்தது எப்போதோ முடிந்துபோன தேதி.

அப்புறம் ஆரம்பித்தது அவர்களுடைய நாடகம். முதலில் வளையத்தின் படத்தை அனுப்பினேன். “அது அச்சில் வார்த்த கோடு ப்ரோ, எல்லாவற்றிலும் இருக்கும்” என்றான். சரி, குழாய்க்குள் ஹாப்ஸ் எப்படி வந்தது? “நீங்கள் பயன்படுத்தியபோது போயிருக்கும்.” அவன் அனுப்பிய ஹாப்ஸ் பாக்கெட்டுகள் பிரிக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன, அதையும் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. ஹைட்ரோமீட்டருக்கு ஒரு விளக்கம் கொடுத்தான் பாருங்கள், அதுதான் உச்சம்: “ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் அடர்த்தி மாறும் ப்ரோ.” கடல் நீரே சுமார் 1.025 தான். என் வீட்டுக் குழாயில் 1.012 வர வேண்டுமானால் பாதிக்குப் பாதி கடல் நீர் கலந்து வர வேண்டும்!

அதைச் சொன்ன பிறகு ‘ப்ரோ’ போய், ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ வந்துவிட்டது. வேறு யாரோ பேசினார்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றார்கள். அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று கேட்டால், விதிமுறைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம், ‘படங்கள் மாதிரிக்கு மட்டுமே’ என்ற வரிக்குப் பக்கத்தில். அடுத்து, ஃபெர்மென்டரில் தண்ணீர் ஊற்றியதால் அது ‘பயன்படுத்திய பொருள்’ ஆகிவிட்டதாம், திருப்பி எடுக்க மாட்டார்களாம். ஏற்கெனவே ஒருவன் பீர் போட்டுக் கெடுத்த பொருள் புதிது, நான் தண்ணீர் ஊற்றினால் பழசு! கடைசியில் சப்ளையரைக் கை காட்டினார்கள், அவர் யார் என்று கேட்டால் சொல்ல முடியாதாம். இழப்பீடாக, அடுத்து வாங்கும்போது ஐந்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களாம். அரை மாதச் சம்பளத்துக்குக் கூப்பன்! அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் மட்டும் உடனுக்குடன் வெளியாகிக்கொண்டே இருக்கின்றன.

வங்கியில் கேட்டேன். கார்டில் கட்டியிருந்தால் ஆட்சேபம் எழுப்பி வழி பார்த்திருக்கலாமாம், நானே அனுப்பிய பணத்துக்கு ஒன்றும் செய்வதற்கில்லையாம். அந்தப் பத்து சதவீதத் தள்ளுபடி எதற்காக என்று இப்போது புரிகிறதா?

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், அதற்கான பொறுமை இப்போது இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டு வேண்டாம் என்று எந்தக் கடைக்காரன் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். பெட்டி வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், தண்ணீர் ஊற்றும் முன் டார்ச் அடித்து உள்சுவரையும் குழாயின் மரையையும் பாருங்கள். பானைக்குக் காந்தம், ஹைட்ரோமீட்டருக்கு வெறும் தண்ணீர். ஈஸ்ட்டில் தேதி மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிடுங்கள். முழு செட் என்ற பேச்சே வேண்டாம், ஃபெர்மென்டரையும் ஹைட்ரோமீட்டரையும் தனித்தனியாக, நேரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் நல்லது. கெக் (பீர் நிரப்பும் உலோகப் பீப்பாய்), கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் பழையதாக வாங்க நினைப்பவர்கள், சோதனைத் தேதி முத்திரை இல்லாத சிலிண்டரைத் தொடாதீர்கள். இந்தக் கடை அதையும் விற்கிறது.

வேறு யாராவது இதே மாதிரி ‘ப்ரோ’விடம் பணம் கொடுத்திருந்தால் தனிச்செய்தியில் வாருங்கள். பணம் போன அக்கவுன்ட் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.