பெல்லெக்ரினியா, கோர்ச்சோக்கா? ஒரே ஊரில் பிறந்த இரண்டு ஸ்லோவாக்கிய அமைச்சர்கள்

2024 ஏப்ரல் 6 அன்று ஸ்லோவாக்கிய மக்கள் தங்கள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பீட்டர் பெல்லெக்ரினிக்கு 53.12 சதவீதம், இவான் கோர்ச்சோக்குக்கு 46.87 சதவீதம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பலவும் இதை ஒரே வரியில் சொல்லி முடித்தன: ரஷ்யாவோடு இணங்கிப் போகிறவர் வென்றார், மேற்கு நாடுகளின் பக்கம் நிற்பவர் தோற்றார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் அரசுப் பதவிகளில் கழித்த ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேறு. பெல்லெக்ரினி ஏறிய படிகளில் முக்கியமானவை வேறு யாரோ விலகியதால் காலியானவை. கோர்ச்சோக் தான் வகித்த அமைச்சர் பதவியை இரண்டு முறை விட்டு வெளியே வந்தவர். குடியரசுத் தலைவர் பதவிக்கு யார் பொருத்தம் என்ற கேள்விக்கு இந்த வேறுபாடுதான் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தப் பதவி எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாட்டை நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். குடியரசுத் தலைவரை 1999 முதல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் 5 ஆண்டு. பிரதமரை நியமிப்பது, நீதிபதிகளை நியமிப்பது, மன்னிப்பு வழங்குவது எல்லாம் அவர் கையில். நாடாளுமன்றம் அனுப்பும் சட்டத்தைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் 150 உறுப்பினர்களில் 76 பேர் மறுபடி வாக்களித்தால் அது நிறைவேறிவிடும். அரசியல் சாசன நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். ஊழல் குற்றங்களுக்கான தண்டனையைக் குறைக்க பிரதமர் ராபர்ட் ஃபிகோவின் அரசு கொண்டுவந்த திருத்தத்தை அப்போதைய குடியரசுத் தலைவர் சுசானா சபுதோவா அப்படித்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆக, புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கான அதிகாரம் இந்தப் பதவியில் குறைவு. 'இதற்கு நான் உடன்பட மாட்டேன்' என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் இதற்கு மதிப்பு.

சரி, இருவரும் யார்? இருவருமே நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பன்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நகரத்துக்காரர்கள். கோர்ச்சோக் 1964இல் பிறந்தவர், பெல்லெக்ரினி 1975இல். இருவரும் படித்தது பொருளாதாரம் சார்ந்த படிப்பு. அப்புறம் ஒருவர் கட்சிக்குப் போனார், ஒருவர் வெளியுறவுத் துறைக்குப் போனார்.

பெல்லெக்ரினி 2006இல் ஃபிகோவின் ஸ்மெர் கட்சியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 2012இல் நிதித் துறையின் இணை அமைச்சர் பொறுப்பு. 2014 ஜூலையில் கல்வி அமைச்சர். அதில் ஐந்து மாதம்கூட நிற்கவில்லை. அந்த நவம்பரில் பியெஷ்ட்டியானி மருத்துவமனைக்கு சிடி ஸ்கேன் இயந்திரம் அநியாய விலைக்கு வாங்கப்பட்டதாக விவகாரம் வெடித்து, சபாநாயகர் பாவோல் பாஷ்கா விலக நேர்ந்தது. அந்த இடத்துக்குக் கட்சி பெல்லெக்ரினியை அனுப்பியது. 2016இல் முதலீடு, தகவல்மயமாக்கல் துறைகளுக்கான துணைப் பிரதமர் ஆனார்.

அவர் நிர்வாகத் திறன் இல்லாதவர் என்று சொன்னால் அது அநியாயம். துணைப் பிரதமராக இருந்தபோது அவருடைய அலுவலகம் தயாரித்த ஒரு சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரு ஸ்லோவாக்கியர் மானியத்துக்கோ உரிமத்துக்கோ விண்ணப்பித்தால், சொத்துப் பதிவேட்டின் நகலை ஓர் அலுவலகத்தில் வாங்கி இன்னோர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இரண்டும் அரசு அலுவலகங்கள்தான். அரசிடம் இருக்கும் தகவலை அரசே கணினியில் பார்த்துக்கொள்ளட்டும், குடிமகனை அலையவிடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. நிறுவனப் பதிவு நகலுக்கும் அதே விதி. அரசு அலுவலக வரிசையில் கால் கடுக்க நின்ற எவருக்கும் இதன் அருமை புரியும். மக்கள் அன்றாடம் படும் எரிச்சல் எது என்று கண்டுபிடிக்கும் கண் பெல்லெக்ரினிக்கு உண்டு.

பிரதமர் பதவி அவருக்கு வந்த விதம் துயரமானது. 2018 பிப்ரவரியில் யான் குட்சியாக் என்ற 27 வயது புலனாய்வுப் பத்திரிகையாளரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மார்டினா குஷ்னிரோவாவும் தங்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசியல்வாதிகளுக்கும் குற்றக் கும்பல்களுக்கும் உள்ள தொடர்பை குட்சியாக் எழுதிக்கொண்டிருந்தார். பல்லாயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போதும் பிரதமராக இருந்த ஃபிகோ பதவி விலக வேண்டியதாயிற்று. ஆனால் கூட்டணி அப்படியே இருக்க வேண்டும், அடுத்த பிரதமர் தன் கட்சியிலிருந்தே வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அப்படி வந்தவர்தான் பெல்லெக்ரினி. மென்மையான பேச்சு, இளைய முகம். மக்களின் கோபம் தணிந்தது உண்மை. ஆனால் ஸ்மெரின் தலைவராக ஃபிகோவே தொடர்ந்தார்.

இந்தப் பக்கம் கோர்ச்சோக். ஜெர்மனியில் தூதர், பிறகு பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான நிரந்தரப் பிரதிநிதி. 2016இன் இரண்டாம் பாதியில் ஸ்லோவாக்கியா முதன்முறையாக ஐரோப்பிய ஒன்றிய கவுன்சிலுக்குத் தலைமை ஏற்றபோது அந்தப் பணிக்கான அரசின் சிறப்புப் பொறுப்பாளர் அவர்தான். எளிய நேரம் இல்லை. தலைமை ஏற்பதற்கு ஒரு வாரம் முன்புதான் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்திருந்தது. அந்த செப்டம்பரில் பிரிட்டன் நீங்கலாக 27 நாடுகளின் தலைவர்களும் ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் கூடினார்கள்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கோர்ச்சோக் அப்போது வேலை பார்த்தது ஃபிகோவின் அரசுக்கு, அதுவும் வெளியுறவுத் துறையின் இணை அமைச்சராக. 2018இல் அவர் வாஷிங்டனுக்குத் தூதராகப் போனபோது பிரதமராக இருந்தவர் பெல்லெக்ரினி. ஆறு வருடம் கழித்து எதிரெதிரே நின்ற இருவரும் ஒரு காலத்தில் ஒரே அரசு இயந்திரத்தின் பகுதிகள். கோர்ச்சோக்கின் ஆதரவாளர்கள் இதை அதிகம் பேசுவதில்லை, பேசியிருக்கலாம். நாட்டுக்கான வேலையை எந்தக் கட்சி ஆட்சியிலும் செய்த மனிதர் என்று அது அவருக்குச் சாதகமாகவே இருந்திருக்கும்.

2020இல் புதிய பிரதமர் இகோர் மடோவிச்சின் அரசில் கோர்ச்சோக் வெளியுறவு அமைச்சர் ஆனார். தாராளவாதக் கட்சியான எஸ்ஏஎஸ் அவரை நிறுத்தியது, ஆனால் அவர் அந்தக் கட்சியின் உறுப்பினர் இல்லை. 2021 மார்ச் 1 அன்று கோஷிட்செ விமான நிலையத்தில் ஒரு ராணுவ விமானம் இறங்கியது. உள்ளே ரஷ்யாவின் ஸ்புட்னிக் தடுப்பூசி 2 லட்சம் டோஸ். மொத்த ஒப்பந்தம் 20 லட்சம் டோஸுக்கு. கூட்டணிக் கட்சிகளை இணங்க வைக்காமலேயே மடோவிச் இதைச் செய்திருந்தார், விமானத்தை வரவேற்கவும் அவரே போயிருந்தார். ஐரோப்பிய மருந்து முகமை அந்தத் தடுப்பூசிக்கு அனுமதி அளித்திருக்கவில்லை. இது கலப்புப் போரின் (படையை இறக்காமல் பிளவும் குழப்பமும் உண்டாக்கி நடத்தும் போரின்) ஒரு கருவி என்று வெளியுறவு அமைச்சரான கோர்ச்சோக் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்கடி முற்றிய மார்ச் 24 அன்று பதவி விலகினார். மடோவிச் பிரதமர் பதவியிலிருந்து இறங்கி, எட்வர்ட் ஹெகர் தலைமையில் ஏப்ரல் 1 அன்று புதிய அரசு அமைந்த பிறகே திரும்பி வந்தார்.

இரண்டாவது விலகல் 2022 செப்டம்பரில். மடோவிச் நிதி அமைச்சராகத் தொடர்ந்தால் அரசில் இருக்க மாட்டோம் என்று எஸ்ஏஎஸ் அமைச்சர்கள் வெளியேறினார்கள், கோர்ச்சோக்கும் கூடவே. இதை நான் முழு மனதோடு பாராட்ட மாட்டேன். பக்கத்து நாடான உக்ரைனில் முழு அளவில் போர் நடக்கும்போது அனுபவமுள்ள வெளியுறவு அமைச்சர் போனது நாட்டுக்கு இழப்பு. பெரும்பான்மை இழந்த அந்த அரசு டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தது. அடுத்த தேர்தலில் ஃபிகோ திரும்ப வருவதற்கு வழி திறந்த காரணங்களில் அதுவும் ஒன்று. மறுப்புக்கு விலை உண்டு, அந்த விலையை சில நேரம் நாடு கொடுக்கிறது.

ரஷ்யா விஷயத்தில் இருவரின் செயல்களையும் ஒப்பிடுவது எளிது, பதிவு இருக்கிறது. 2018 மார்ச்சில் பிரிட்டனில் முன்னாள் ரஷ்ய உளவாளி செர்கெய் ஸ்கிரிபால் மீது நச்சுத் தாக்குதல் நடந்து, ஐரோப்பிய நாடுகள் பல ரஷ்யத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியபோது, பெல்லெக்ரினியின் அரசு தன் தூதரை ஆலோசனைக்காகத் திரும்ப அழைத்ததோடு நிறுத்திக்கொண்டது. 2020 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு சில நாட்கள் இருக்கும்போது, பெல்லெக்ரினி மாஸ்கோ போய் ரஷ்யப் பிரதமர் மிஷுஸ்டினைச் சந்தித்தார். கோர்ச்சோக் அமைச்சராக இருந்த காலத்தில் ஸ்லோவாக்கியா 2020 ஆகஸ்டில் ரஷ்ய அதிகாரிகள் மூவரை வெளியேற்றியது. செக் நாட்டு வெடிமருந்துக் கிடங்கு வெடிப்பில் ரஷ்ய உளவுத்துறையின் கை தெரிந்தபோது 2021 ஏப்ரலில் இன்னும் மூவர். 2022 மார்ச்சில் உளவு விவகாரம் ஒன்றில் மூவர், அதே மாதக் கடைசியில் 35 பேர்.

அதே நேரம், பெல்லெக்ரினியை ரஷ்யாவின் ஆள் என்று சொல்வதும் சரியில்லை. நேட்டோவையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் விட்டு விலக வேண்டும் என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. எதையும் உடைக்காமல் எல்லாரோடும் ஒத்துப்போவது அவர் சுபாவம். ஒத்துப்போக முடியாத கட்டம் ஒன்று வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

அந்தக் கட்டம் 2023 அக்டோபர். மூன்று வருடம் முன்பு, 2020 ஜூனில், அவர் ஃபிகோவைப் பிரிந்து ஹ்லாஸ் என்ற சொந்தக் கட்சியைத் தொடங்கியிருந்தார். அவர் வாழ்க்கையின் துணிச்சலான முடிவு அதுதான், அதற்குரிய மரியாதை தர வேண்டும். 2023 தேர்தலில் ஸ்மெருக்கு 22.94 சதவீதம், முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சிக்கு 17.96, ஹ்லாஸுக்கு 14.70. யார் ஆட்சி என்பதை மூன்றாம் இடத்தில் இருந்த பெல்லெக்ரினி தீர்மானிக்கலாம் என்ற நிலை. ஃபிகோ வராமல் தடுக்க, பிரதமர் பதவியையே ஹ்லாஸுக்குத் தர எதிர்த்தரப்பு தயாராக இருந்தது. அவர் ஃபிகோவோடும் தேசியவாதக் கட்சியான எஸ்என்எஸ்ஸோடும் சேர்ந்தார், சபாநாயகர் ஆனார். ஐரோப்பிய சோசலிசக் கட்சிகளின் கூட்டமைப்பு ஸ்மெரையும் ஹ்லாஸையும் உடனே இடைநீக்கம் செய்தது. எதிர்த்தரப்போடு போயிருந்தால் நான்கு கட்சிகளைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கும், அது நிலைத்திருக்காது என்று அவர் தரப்பு சொல்லும். இருக்கலாம். ஆனாலும் குட்சியாக் கொலைக்குப் பிறகு தெருவில் நின்றவர்களை அமைதிப்படுத்திப் பிரதமர் ஆனவருக்கு, அதே ஃபிகோவைத் திரும்பக் கொண்டுவருவதில் தயக்கம் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறில்லை.

பிறகு குடியரசுத் தலைவர் தேர்தல். சபுதோவா மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். மார்ச் 23இன் முதல் சுற்றில் கோர்ச்சோக் 42.51 சதவீதம் எடுத்து முன்னே வந்தார், பெல்லெக்ரினிக்கு 37.02. மூன்றாவதாக வந்த, ரஷ்ய ஆதரவுப் பேச்சுக்குப் பெயர்போன முன்னாள் நீதி அமைச்சர் ஸ்டெஃபான் ஹராபினுக்கு 11.7. கூட்டிப் பார்த்தாலே பெல்லெக்ரினிக்கு வழி தெரிந்தது. இரண்டு வாரம் அவர் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: கோர்ச்சோக் வந்தால் நம் பிள்ளைகள் உக்ரைன் போருக்குப் போக வேண்டியிருக்கும்.

படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரம் ஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவருக்குக் கிடையாது. அது அரசும் நாடாளுமன்றமும் முடிவு செய்வது. பிரதமராகவும் சபாநாயகராகவும் இருந்த பெல்லெக்ரினிக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே மக்களின் பயத்தோடு விளையாடிய அந்த இரண்டு வாரம்தான், என் பார்வையில், அவருடைய நீண்ட வாழ்க்கையின் மோசமான பகுதி. கோர்ச்சோக் தரப்பிலும் குறை உண்டு. தூதரகங்களில் பழகிய நாக்கு, ஒவ்வொரு வாக்கியத்தையும் அளந்து பேசியது. பிராட்டிஸ்லாவாவும் கோஷிட்செவும் அவரைத் தூக்கிப் பிடித்தன. விலைவாசிக்கும் போருக்கும் பயந்திருந்த கிராமங்களை அவரால் எட்ட முடியவில்லை. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கட்சி அவருக்கு இல்லை. ஸ்லோவாக்கியாவில் வெளியுறவு அமைச்சர்களுக்கு இது புதிதும் இல்லை. 2004இல் எட்வர்ட் குகான் வெல்வார் என்றுதான் கணிப்புகள் சொல்லின, அவர் இரண்டாம் சுற்றுக்கே போகாமல் மூன்றாவதாக வந்தார்.

என் கணக்கு இதுதான்: பிரதமர் பதவிக்கான போட்டியாக இருந்திருந்தால் பெல்லெக்ரினிக்கு நல்ல வாதம் இருந்திருக்கும். கூட்டணியைக் கட்டிக்காப்பது, அலுவலகங்களை வேலை செய்ய வைப்பது அவருக்குத் தெரியும். 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது பதவிக்காலத்தின் கடைசி நாட்களிலும் பள்ளிகளையும் எல்லைகளையும் தாமதிக்காமல் மூடினார். குடியரசுத் தலைவர் பதவிக்குத் தேவைப்படுவது வேறு குணம், அது கோர்ச்சோக்கிடம் இருந்தது. பதவியேற்ற மாதத்திலேயே, 2024 ஜூனில், பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிவிஎஸ்ஸைக் கலைத்து எஸ்டிவிஆர் என்று புதிதாக அமைக்கும் சட்டம் பெல்லெக்ரினியின் மேசைக்கு வந்தது. ஊழியர்கள் எதிர்த்து வேலைநிறுத்தம் வரை போயிருந்தார்கள். அவர் கையெழுத்திட்டார்.

நல்ல தருணமும் ஒன்று உண்டு. 2024 மே 15 அன்று ஹந்த்லோவாவில் ஃபிகோ சுடப்பட்டபோது, பொறுப்பேற்கக் காத்திருந்த பெல்லெக்ரினியும் பொறுப்பிலிருந்த சபுதோவாவும் ஒன்றாக நின்று பேசினார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்தை நிறுத்திவைக்கும்படி பெல்லெக்ரினி கட்சிகளைக் கேட்டுக்கொண்டார். நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது மிகச் சரியான செயல்.

கோர்ச்சோக் தோல்விக்குப் பிறகு ஒதுங்கவில்லை. அந்த ஆண்டே முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சியில் சேர்ந்தார். கட்சி சாராத ராஜதந்திரி என்ற பெயரை அவர் இழந்துவிட்டார் என்று சிலர் வருந்தினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 2024இல் அவர் தோற்றதே கிராமத்தில் அவருக்காகக் கதவைத் தட்ட ஆள் இல்லாததால்தான். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2027இல் வர வேண்டும், பெல்லெக்ரினியின் பதவிக்காலம் 2029 வரை. 2027இல் எந்தக் கட்சி முன்னே வந்தாலும், அரசு அமைக்க யாரை முதலில் அழைப்பது என்று தீர்மானிக்கப்போகிறவர் பெல்லெக்ரினி. அழைக்கப்படும் தரப்பில் கோர்ச்சோக்கும் இருக்கலாம்.