சீனப் பயணத்தில் ஒரு பாக்கெட் பிரிண்டர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சீனாவுக்குப் போகும்போதெல்லாம் என் பையில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டரும் இருக்கும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. போனில் இருக்கும் படத்தை புளூடூத் வழியாக வாங்கி, ஏடிஎம் கார்டு அளவுள்ள உடனடி ஃபிலிமில் அச்சிட்டு வெளியே தள்ளும். ஒன்றரை நிமிடத்தில் முகம் தெளிந்துவிடும். பல வருடங்களாகப் பல மாகாணங்களில் இதைப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீனாவைப் படம் எடுத்து நாலு பேரோடு பகிர நினைக்கிறவர்கள், அடுத்த லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள். ஒரு படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் அதில் இருப்பவர்தான். நம் வாசகர்கள் அவருக்கு அப்புறம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மையே இல்லாமல் சூட்டினால் நிறம் மாறும் காகிதத்தில் அச்சிடுவது. காகிதம் மலிவு, ஆனால் தோலின் நிறம் சரியாக வருவதில்லை என்பது என் அனுபவம். இன்னொன்று நான் வைத்திருப்பது, ரசாயனப் பை ஒட்டிய உண்மையான ஃபிலிமில் அச்சிடும் வகை. படம் வரும் பகுதி 62க்கு 46 மில்லிமீட்டர்தான், சுற்றிலும் வெள்ளை ஓரம். அந்தச் சின்னச் செவ்வகத்தில் முகம் உயிரோடு தெரிகிறது. உடனடி கேமராவே வாங்கலாமே என்று கேட்கலாம். அதில் எடுத்தது எடுத்ததுதான், கண் மூடியிருந்தாலும் தாள் போச்சு. பிரிண்டரில் பத்துப் படம் எடுத்து, எந்தப் படம் பிடித்திருக்கிறது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி அச்சிடலாம். தேர்ந்தெடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பேச்சு ஆரம்பிக்கிறது.

இந்தக் கருவி எனக்கு அதிகம் உழைத்த ஊர் ஃபுஜியான் மாகாணத்தின் குவான்ஜோ. சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் அதன் 22 இடங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழர்களுக்கு அந்த ஊரோடு நிஜமான தொடர்பு உண்டு. சம்பந்தப் பெருமாள் என்பவர் சக ஆண்டு 1203, சித்திரையில், அதாவது 1281 ஏப்ரலில், அங்கே ஒரு திருமேனியை எழுந்தருளச் செய்தார் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. கல்வெட்டு இப்போது ஷியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் திருமேனி இருந்த கோயில் இன்று இல்லை. ஆனால் 686இல் தொடங்கிய கையுவான் பௌத்தக் கோயிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்னால் பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே புகும் கண்ணன் என்று நமக்குப் பழக்கமான கதைகள் அதில் செதுக்கியிருக்கின்றன.

அந்தத் தூண்களை எல்லாரும்தான் படம் எடுக்கிறார்கள். நான் அங்கே செய்வது கொஞ்சம் வேறு. தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும் உள்ளூர்க் குடும்பத்திடம் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக அந்தக் கண்ணன் கதையைச் சொல்வேன். வெண்ணெய் திருடியதற்காக உரலில் கட்டிப்போட்ட அம்மாவைப் பற்றிக் கேட்டதும் குழந்தைகள் சிரிப்பார்கள். அப்புறம் குடும்பத்தைத் தூணோடு நிறுத்தி ஒரு படம் எடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுப்பேன். தங்கள் ஊர்க் கோயிலில் வெகுநாளாகப் பார்த்த கல் எந்தக் கதையைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு அவர்கள் போகிறார்கள். பதிலுக்கு அவர்கள் சொன்னவைதான் என் குவான்ஜோ பதிவுகளில் பாதி. ஊருக்கு வெளியே செடியான் கிராமத்துச் சின்னக் கோயிலில் நான்கு கையோடு ஒரு சிலை இருக்கிறது. நம் கண்ணுக்கு அது நம் ஊர் அம்மன். கிராமத்தாருக்கு அது பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின். ஊதுபத்தி ஏற்றி அன்றாடம் கும்பிடுகிறார்கள். அங்கே நான் அச்சிட்டுக் கொடுத்தது சிலையின் படத்தை இல்லை, சிலைக்கு முன்னால் நிற்கும் பாட்டியின் படத்தை. அவர் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னை உட்கார வைத்து டீ ஊற்றிக்கொண்டே இருந்தார். அன்சி பக்கத்து ஊலாங் டீ. சின்னக் கோப்பை, குடிக்கக் குடிக்க நிரம்பும்.

அதே ஊரில் ஷுன்பு என்ற மீனவர் குடியிருப்பு. கொண்டை போட்டு, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பது அங்கே பெண்களின் வழக்கம். எழுபது வயதுப் பாட்டியும் தலை நிறையப் பூவோடுதான் சிப்பி விற்க உட்காருவார். வீட்டுச் சுவர்களிலும் பெரிய பெரிய சிப்பி ஓடுகள்தான். 2023 வாக்கில் சீனா முழுவதும் இது பிரபலமாகி, இப்போது வெளியூர்ப் பெண்கள் வந்து பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் கடைகள் வரிசையாக வந்துவிட்டன. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பூக்கட்டும் பாட்டிகளுக்கு அதில் வருமானம் இருக்கிறது. ஆனால் கேமராக்கள் எல்லாம் வந்த பெண்கள் பக்கமே திரும்பியிருக்கின்றன. நாள் முழுக்கப் பிறர் தலைக்குப் பூ வைக்கும் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரை எடுத்து அச்சிட்டுக் கொடுத்தால், பக்கத்துக் கடைப் பாட்டியும் வந்து நிற்பார். தாள் தீரும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

மாலையில் அங்கே நான்யின் இசை கேட்கப் போவேன். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மிகப் பழைய மரபு. மற்ற இடங்களில் நிமிர்த்திப் பிடிக்கும் பீபா என்ற தந்தி வாத்தியத்தை இங்கே கித்தார் மாதிரி படுக்கையாகப் பிடித்து வாசிக்கிறார்கள், கூடவே மூங்கில் குழல். வாசிப்பவர்களில் பலரும் வயதானவர்கள். ஒரு குழுவைப் படம் எடுத்தால் ஒரு பிரதி போதாது, ஆளுக்கு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு மட்டும் கிடைத்த வருத்தம் மற்றவர் முகத்தில் தெரியும். இதைக் கணக்கில் வைத்துத்தான் ஃபிலிம் எடுத்துப் போகிறேன்.

படம் கொடுப்பதில் சீன வழக்கங்கள் சில உண்டு, அவை தெரிந்திருப்பது அவசியம். வயதானவர்களின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது. கறுப்பு வெள்ளை முகப்படத்தைச் சட்டம் போட்டு வைப்பது இறந்தவர்களுக்கு. நம் வீடுகளில் மாலை போட்ட படத்தைப் பார்க்கும்போது என்ன தோன்றுமோ அதேதான் அவர்களுக்கும் தோன்றும். வெள்ளை ஓரத்தில் பெயர் எழுதச் சொன்னால் சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதுவது ஆகாது. நான் கறுப்பு மார்க்கரும் தங்க நிற மார்க்கரும் வைத்திருக்கிறேன், பெயரை அவரையே எழுதச் சொல்வேன். இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். முதலில் வேண்டாம், வேண்டாம் என்பார்கள். அது மரியாதைக்கு, இன்னொரு தடவை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். சும்மாவும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆரஞ்சு, வேர்க்கடலை, வீட்டு டீத்தூள் என்று ஏதாவது கைக்கு வரும், அதை மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் மரியாதைதான்.

ஃபுஜியானின் மலைப்பக்கத்துத் துலோவ் வீடுகளில் இதன் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது. மண்ணை இடித்துக் கட்டிய பிரம்மாண்டமான வட்டக் கோட்டை வீடுகள் அவை. 46 கட்டடங்கள் 2008இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. கீழே சமையலறை, அதற்கு மேலே தானியம், அதற்கும் மேலே படுக்கையறை என்று ஒரு குடும்பத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு பகுதி. நடு முற்றத்தில் முன்னோர் மண்டபம். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வாழ்ந்த வட்டத்தில் இன்று சில வயதானவர்கள் மட்டும் இருப்பதைப் பார்க்கலாம், பிள்ளைகள் கடற்கரை நகரங்களில் வேலையில். ட்ரோனில் மேலிருந்து எடுத்த துலோவ் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே புகையிலை காயவைக்கும் தாத்தாவின் முகம் அவற்றில் கிடையாது. அவருக்கு ஒரு அச்சுப்படம் கொடுத்தால், மேசைக் கண்ணாடிக்கு அடியில் பேரன் பேத்தி படங்களுக்குப் பக்கத்தில் அதைச் செருகுவார். செருகும்போதே யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டுவார். ஒரு துலோவைப் பற்றி எழுத எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இளைஞர்களிடம் இந்தக் கருவி வேறு விதமாக வேலை செய்கிறது. ஷியானில் ஹான்ஃபு என்ற பாரம்பரியச் சீன உடையை வாடகைக்கு எடுத்து, ஒப்பனை போட்டு, கூடவே ஒரு படக்காரரையும் அமர்த்திக்கொண்டு சுற்றும் பெண்களுக்கு என் சின்னத் தாள் பெரிய விஷயமில்லை. அதோடு, முகத்தைத் திருத்தாமல் படத்தை வெளியே விடுவது அங்கே மரியாதைக் குறைவு. தோழிகள் சேர்ந்து எடுத்த படத்தை ஒருத்தி பகிர்வதற்கு முன்னால் எல்லார் முகத்தையும் சரிசெய்துவிட்டுத்தான் பகிர்வாள். அதனால் இளைஞர்களுக்கு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் படத்தை அனுப்பி, அவர்கள் திருத்தித் திரும்ப அனுப்பியதையே நான் பகிர்கிறேன். அனுப்பும்போது அசல் படம் என்ற குறியைத் தொட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வீசாட் படத்தைச் சுருக்கிவிடும்.

பெய்ஜிங்கின் பூங்காக்களில் காலையில் பெரிய பஞ்சுத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் எழுத்துப் பழகும் தாத்தாக்களைப் பார்க்கலாம். வெயில் ஏற ஏற முதல் வரி காய்ந்து மறைந்துவிடும், அவர் அடுத்த வரியில் இருப்பார். அங்கே முகத்தை எடுக்காமல், எழுத்து காயும் முன் எழுத்தை மட்டும் எடுத்து அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன். சிலர் ரசித்து வைத்துக்கொண்டார்கள். ஒருவர், இந்தக் கோடு சரியில்லை என்று சொல்லி மறுபடி எழுதி, அதை எடுக்கச் சொன்னார்.

சரி, கருவியின் நடைமுறைக்கு வருகிறேன். இதன் ஃபிலிம் ஐஎஸ்ஓ 800, வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, எக்ஸ்ரேவுக்கும் உணர்வு அதிகம். சீனாவில் விமான நிலையத்தோடு சோதனை முடிவதில்லை. மெட்ரோவில் ஏறும் ஒவ்வொரு தடவையும் பை எக்ஸ்ரேவுக்குள் போகும், ரயில் நிலையத்திலும் அப்படியே. ஒன்றிரண்டு தடவையில் எதுவும் ஆகாது. வாரக்கணக்கில் ஊர் சுற்றினால் ஃபிலிமை எடுத்துக் கையில் காட்டிக் கேட்பது நல்லது, மெட்ரோவில் பல காவலர்கள் விட்டுவிடுவார்கள். பெரிய விமான நிலையங்களின் புதிய சிடி (CT) ஸ்கேனரில் மட்டும் ஃபிலிமை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பிரிண்டரின் செயலியை ஊரிலேயே போனில் ஏற்றிவிடுங்கள், கூகுள் பிளே அங்கே வேலை செய்யாது. அச்சிடுவது புளூடூத்தில்தான் என்பதால் அதற்கப்புறம் இணையமே தேவையில்லை. மலைக்கிராமத்தில் இது பெரிய வசதி. பவர்பேங்க் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர்பேங்குக்கு அனுமதி இல்லை.

குளிர் இதற்கு எதிரி. ரசாயனம் 5 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். ஹார்பின் பனிவிழாவில் பிரிண்டரைக் கோட்டுக்குள்ளேயே வைத்து அச்சிட்டு, தாள் வந்ததும் உள் பையில் உடம்புச் சூட்டில் வைத்து, முகம் தெளிந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். தாளை உதறுவதால் எந்தப் பயனும் இல்லை. இருட்டுக் கோயில் படங்களை அச்சுக்கு அனுப்பும் முன் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிவிட வேண்டும், நிழல் பகுதி இதில் கறுத்துக் கட்டியாகிவிடும். உள்ளே தாளை நசுக்கித் தள்ளும் உருளைகளை அவ்வப்போது துடைக்கவில்லை என்றால் ஒரே இடத்தில் புள்ளி புள்ளியாக விழும். பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் இறங்குகிறது, மற்றபடி கருவி இன்னும் ஓடுகிறது.

அச்சுப்படம் கொடுத்துவிட்டால் எல்லா இடத்திலும் உரிமை வந்துவிடாது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீன சிவில் சட்டத்தொகுப்பு, ஒருவரின் உருவப்படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. அதனால் எடுக்கலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். முதல் கேள்விக்குச் சரி, இரண்டாவதற்கு வேண்டாம் என்றவர்களின் படங்கள் அவர்களிடமும் என்னிடமும் மட்டும் இருக்கின்றன. நான் எடுத்த நல்ல முகங்களில் சில அவைதான். துன்ஹுவாங் மோகாவ் குகைகளுக்குள் படம் எடுக்கவே கூடாது. பல கோயில்களில் புத்தர் சிலைக்கு முன்னால் கேமராவுக்குத் தடை உண்டு. அங்கே பிரிண்டர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

செலவு கருவியில் இல்லை, தாளில் இருக்கிறது. ஒரு பெட்டியில் பத்துத் தாள், தாளுக்கு ஐம்பது அறுபது ரூபாய் ஆகிவிடும். நான் இயற்கைக் காட்சிகளை இதில் அச்சிடுவதே இல்லை. அந்த அளவில் குய்லின் மலைகளும் நன்றாக இருக்காது, பெருஞ்சுவரும் நன்றாக இருக்காது. குழுச் சுற்றுலாவில், ஓர் இடத்துக்கு அரைமணி என்று கொடியைப் பின்தொடர்கிறவர்களுக்கும் இது பயன்படாது. ஒரே ஊரில் நாலு நாள் தங்கி, காலையில் அதே டீக்கடை, மாலையில் அதே சந்து என்று நடக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். முதல் பயணத்துக்கு ஆறு பெட்டி எடுத்துப் போங்கள். போன தடவை எடுத்த முகங்களில் சிலவற்றை வீட்டிலேயே அச்சிட்டு வைத்துக்கொண்டு மறுபடி அதே ஊருக்குப் போகிற வாய்ப்பு கிடைத்தால், அதையும் தவறவிடாதீர்கள்.